கொம்புப் பேனா காணாமல் போன விஜயதசமி

பட்டறைக் கதவு திறந்ததும் விருமாண்டி போட்ட கூச்சலில், தெற்குக் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் கிளம்பி ஒத்தக்கடை தாண்டித்தான் இறங்கின.

"என் செவலையைக் காணோம்!"

காணாமல் போனது காளை அல்ல. காளை செத்து நாலு மாதம் ஆயிற்று. போனது அதன் கொம்பில் கடைந்த பேனா.

1936, விஜயதசமி, காலை ஏழு மணி. தெற்குமாசி வீதியை ஒட்டிய சந்து. அங்கே கடைசல் பட்டறை வைத்திருந்த நல்லகாமன் கையில் எது சிக்கினாலும் பேனாவாகிவிடும். கொட்டாங்கச்சி, பனை வைரம், புளியங்கட்டை எதையும் விட்டுவைக்கமாட்டான். சந்தில் நின்று பேசவே ஜனங்கள் தயங்கினார்கள். கொஞ்சம் அசந்தால் முழங்கையைப் பேனாவாக்கிவிடுவான் என்று பயம். செவலையின் கொம்பை அவன் கடைந்த ஒரு வாரமும் மயிர் கருகும் நாற்றம் வீதியைத் தூக்கிற்று. யார் தலை பற்றிக்கொண்டது என்று நாலு வீடு தள்ளியிருந்து குடத்தோடு ஓடிவந்தார்கள்.

திருவாதவூர் விருமாண்டிக்கு அந்தக் காளைதான் உயிர். வாடிவாசலில் அதன் திமிலை ஒருவனும் தொட்டதில்லை. அது செத்த அன்று விருமாண்டி மீசையை எடுத்துத் துக்கம் காத்தார். பிறகு, எழுத்தே தெரியாத அந்த ஐம்பத்தைந்து வயதுக்காரர், செவலையின் கொம்பில் செய்த பேனாவால் விஜயதசமியன்று 'அ' எழுதப்போவதாக ஊரைக் கூட்டிச் சபதம் செய்தார்.

அவர் விரலைப் பிடித்து எழுதவைக்க வந்திருந்தவர் ஹாலாஸ்யம். ஓய்வுபெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். சீட்டு வாங்காதவனை அவன் பெஞ்சில் உட்காரும் தினுசை வைத்தே பிடித்துவிடுவார். அப்படிப் பிடித்ததில் ஒருவர் அவருடைய மாமனார். அபராதத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் காலில் விழுந்து சேவித்தார்.

முந்தின நாள் சரஸ்வதி பூஜை. படத்துக்கு முன்னால் பேனாவையும் உளிகளையும் வரிசையாக வைத்து, நல்லகாமன் மனைவி சீனியம்மாள் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை எதையும் யாரும் தொடக்கூடாது. பட்டறையைப் பூட்டியாயிற்று. ஜன்னலில் கம்பி. சாவி இரண்டு. ஒன்று நல்லகாமன் இடுப்பில். மற்றது, கடைசலில் கயிறு இழுக்கும் முத்திருளனிடம். அவன் கயிற்றை மாற்றி மாற்றி இழுத்தால்தான் கட்டை சுழலும், நல்லகாமன் உளி வைக்கமுடியும்.

விருமாண்டி முத்திருளனின் பிடரியைப் பிடித்திருந்தார்.

"நடடா ஸ்டேஷனுக்கு!"

"அண்ணே, நான் எடுக்கலண்ணே! தையில எனக்குக் கல்யாணம். ஸ்டேஷன் வாசலை மிதிச்சேன்னு காதுல விழுந்தாலே அன்னக்கொடி வீட்டுல பொண்ணு தரமாட்டாகண்ணே!"

"விருமாண்டி, ஒரு அரை மணி பொறும்" என்றார் ஹாலாஸ்யம். "ஸ்டேஷனுக்குச் சக்கரம் கிடையாது. எங்கேயும் ஓடாது. முத்திருளா, நேத்து பூஜை முடிஞ்சு எங்கே போனே?"

"கொட்டாம்பட்டிக்குச் சாமி. இப்பத்தேன் மொத பஸ்ஸுல வாரேன்."

"பஸ்ஸில் உன்னைப் பார்த்தவா யாராவது உண்டா?"

"பூராம் ஆடு சாமி. மனுசன்னு நான் ஒருத்தன்தேன்."

"ஆடு சாட்சி சொல்லாதுன்னு தெரிஞ்சே ஏறியிருக்கான்!" என்று விருமாண்டி பிடியை இறுக்கினார்.

"முத்திருளன் அப்படிப்பட்டவன் இல்லண்ணே" என்றான் நல்லகாமன். தூணில் சாய்ந்து நின்றான். இதை அவன் சொல்வது மூன்றாவது தடவை. பேனா எங்கே போயிருக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"நீர் உட்காருமேன், நல்லகாமா. முக்காலி இருக்கே."

"சரசுவதி முன்னால உக்காரக் கூடாது சாமி."

ஹாலாஸ்யம் அறுபத்தோரு வருடமாக சரஸ்வதி முன்னால் உட்கார்ந்துதான் பூஜை செய்துவருகிறார். மூக்கை உறிஞ்சினார். அறை முழுக்கச் சாம்பிராணி, கண் எரியும்படி.

"சாம்பிராணி எப்போ போட்டது?"

"நேத்துப் போட்டது."

அப்போது சீனியம்மாள் விருமாண்டிக்குக் காபி கொண்டுவந்தாள், டம்ளரைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு. விருமாண்டி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தா, பச்சத் தண்ணியா இருக்கு?"

"குடிங்க. மனுசருக்கு இருக்குற சூடு போதாதா?" என்றாள் சீனியம்மாள்.

அவர் வாய் மாற்றிக்கொள்ளப் படத்துக்கு முன்னாலிருந்த பொரித் தாம்பாளத்தில் கைவைக்கப் போனார். சீனியம்மாள் பாய்ந்தாள். பருந்து பார்த்திருந்தால் அவளிடம் பாடம் கேட்டிருக்கும்.

"தொடாதீக! மறுபூஜ ஆகல!"

ஹாலாஸ்யம் குனிந்து உளிகளைப் பார்த்தார். ஒவ்வொரு உளியிலும் சுண்டைக்காய் அளவில் பொட்டு. இரவோடு இரவாகச் சந்தனம் காய்ந்து, வெயில் காலத்து வண்டியூர்க் கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. வரிசையில் கடைசி உளியைத் தொட்டார். தம் விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ரயில் பெட்டிக்குள் நுழைந்த பழைய நாட்களைப் போலக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"விருமாண்டி, அவனை விடும். இங்கே திருட்டே நடக்கலை. பேனாவை உடைச்சிருக்கா. உடைச்சவா ரெண்டு பேர். நல்லகாமன் ஒருத்தர். அவர் சம்சாரம் ஒருத்தர்."

சந்தில் கூடியிருந்தவர்கள் வாசலை நெருக்கினார்கள்.

"அபாண்டம் சாமி!" என்றாள் சீனியம்மாள்.

"கடைசி உளியில் பொட்டு இன்னும் ஈரமா இருக்கு. அதுவும் உன் விரல் அளவு இல்லை, கட்டைவிரலால் அப்பினது. திருட வந்தவன் பேனாவை எடுத்துண்டு போவான். உளிக்குப் பொட்டு வெச்சுட்டா போவான்? அந்த உளியை எடுத்து வேலை செஞ்சு, பொட்டு அழிஞ்சுபோய், 'ஐயோ, மறுபூஜைக்கு முன்னால் தொட்டுட்டோமே'ன்னு நடுங்கினவன்தான் திரும்ப வைப்பான். சாமிக்கும் பயம், உளிக்கும் பயம். தொழில்காரனைத் தவிர யாருக்கு வரும் அது?"

நல்லகாமன் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"கொம்பு கடைஞ்சா மயிர் கருகுற நாத்தம். அதை மறைக்கத்தான் விடியற்காலையில் இவ்வளவு சாம்பிராணி. உளி பிடிக்க ஒரு ஆள், கயிறு இழுக்க ஒரு ஆள். முத்திருளன் ஆடுகளோட பஸ்ஸில். அப்போ இழுத்தது யார்? சீனியம்மா, ஆறின காபியைத் தலைப்பால் பிடிச்சியே. கையைக் காட்டு."

சீனியம்மாள் கையை விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு பட்ட கொப்புளங்கள்.

ஹாலாஸ்யம் தாம்பாளத்தைக் கவிழ்த்தார். பொரிக்கும் கடலைக்கும் நடுவே கறுப்பும் தேன் நிறமுமாகக் கொம்புத் துண்டுகள் உருண்டன.

"எல்லாம் இவ வச்ச பொட்டாலதேன்!" என்று நல்லகாமன் அழுதேவிட்டான். "எல்லாத்துக்கும் வச்சவ பேனாவுக்கும் அப்பிட்டா. கொம்பு ஈரத்தக் குடிச்சு ஊதிப்போச்சு. வெள்ளன வந்து பாக்குறேன், மூடி கழலமாட்டேங்குது. அண்ணன் வந்து எப்படித் தெறப்பாருன்னு, லேசா ஒரு சீவு சீவிரலாம்னு..."

"பொட்டு வச்சது தப்பா? கயிறப் பதமா இழுடின்னு சொல்லிருந்தா இழுத்திருப்பேன்!" என்றாள் சீனியம்மாள்.

"நீ தேரை இழுக்குற மாதிரில்ல இழுத்த!"

விருமாண்டி முத்திருளனின் பிடரியை விட்டார். தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாக வேட்டி மடியில் பொறுக்கினார். பெரிய உடம்பு குலுங்கிற்று. முத்திருளனின் பயம் தீர்ந்து, நல்லகாமனின் பயம் தொடங்கிற்று. பொறுக்கியதை ஒட்டவைத்துப் பார்த்தவர் தலை நிமிர்ந்தார்.

"நுனியைக் காணோமே?"

நல்லகாமன் ஹாலாஸ்யத்தைப் பார்த்தான். ஹாலாஸ்யம் முக்காலியைப் பார்த்தார்.

"சொல்லிடும். எத்தனை நேரம் நிப்பீர்?"

"ஒடைஞ்ச வேகத்துல நுனி என்னையப் பாத்துப் பறந்து வந்துச்சுண்ணே. பயந்து திரும்பி ஓடினேன்." நல்லகாமன் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் கையால் காட்டினான். "அது... இன்னும் உள்ளதேன் இருக்கு. டாக்டர்ட்டப் போகணும்."

விருமாண்டியின் வாய் திறந்தது. கண் விரிந்தது. நாலு மாதமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம் வந்தது.

"ஓடினியா? செவலையைக் கண்டு முதுகு காட்டினியா?"

"ஓடினேண்ணே."

"அதேன்! ஓடுறவனைக் கண்டா அவனுக்கு ஆகாது!" விருமாண்டி எழுந்து தொடையைத் தட்டினார். "டேய், செத்து நாலு மாசம் கழிச்சுக் குத்திருக்கான்டா என் காளை! எந்த ஊரு மாடுடா இப்படிக் குத்திருக்கு? மாப்ள நல்லகாமா, இனி ஊருல எவனாச்சும் செவலை செத்துட்டான்னு சொன்னா உன்னையக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்!"

"காட்டவெல்லாம் வேணாம்ணே" என்று நல்லகாமன் வேட்டியை இறுக்கிக்கொண்டான்.

விருமாண்டி தன் சரிகைத் துண்டை அவன் தோளில் போட்டார். முத்திருளன் கையில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு நோட்டைத் திணித்தார். பரப்பியிருந்த அரிசியில், ஹாலாஸ்யம் விரலைப் பிடிக்க, வெறும் விரலாலேயே 'அ' எழுதினார். அது பாய்கிற காளை மாதிரி இருந்தது. ஹாலாஸ்யம் திருத்தவில்லை.

போகும்போது விருமாண்டி வாசலில் நின்று திரும்பினார்.

"நாளைக்கு வாரேன் மாப்ள. இது வலது கொம்பு. இத அவன் வெளையாட்டுக்குத்தேன் வச்சிருந்தான். நெசமாக் குத்துறதெல்லாம் இடது கொம்புலதேன். அத வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

முத்திருளனும் சீனியம்மாளும் ஒரே நேரத்தில் கடைசல் கயிற்றிலிருந்து தள்ளிப்போய் நின்றார்கள். நல்லகாமன் முதல் முறையாக முக்காலியில் உட்கார்ந்தான், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தான்.