வருகைப் படம்

பொன்முடி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கையெழுத்துப் போடுவதில்லை. காலையில் வரிசையாக நிற்பார்கள்; மேற்பார்வை பார்க்கும் சுவாமிதாஸ் கைபேசியில் எடுக்கும் படம்தான் வருகைப் பதிவு. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் பதினொரு பேர். திங்கட்கிழமைப் படத்தில் பன்னிரண்டு உருவங்கள் இருந்தன.

பன்னிரண்டாவதாக ஓரத்தில் நின்றதற்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலங்கல். செவ்வாயன்று அது இரண்டடி கிட்டே வந்திருந்தது. புதனன்று இடது கடைசியில் நிற்கும் பேச்சியின் தோளருகே. பேச்சி சுவாமிதாஸின் மனைவி. நேரில் பார்த்தால் அங்கே யாருமில்லை. நனைந்த சாக்கின் வாடை மட்டும் அடித்தது.

மலையாளி மானேஜர் ஹரிநாராயணன் மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எந்தா சுவாமிதாசே, இம்மாதிரி ஜந்துக்கள் மங்கின படத்துல மாத்திரம்தான் வருமோ? தெளிஞ்ச படம் ஒண்ணு கொண்டு வா, அன்னைக்கே அந்தக் காட்டை அடைச்சிடலாம். இல்லெங்கில் எல்லாரும் பணிக்கு இறங்கணும்."

வியாழனன்று எட்டு மணியாகியும் பனி விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் பெண்கள் சாம்பல் நிழல்களாக நின்றார்கள். சுவாமிதாஸ் கைபேசியை ஒரு பாறைமேல் ஊன்றினான்.

"யாரும் ஆடக்கூடாது. பக்கத்துல நிக்கவ கையப் பிடிச்சுக்கிடுங்க. நான் சொல்லுத வரைக்கும் விடாதிய."

"கல்யாண போட்டோவாண்ணே?" பேச்சிக்கு அடுத்து நிற்கும் செல்லபாயின் குரல். "ஏ பேச்சி, ஒனக்குக் கை என்னட்டி இப்பிடிக் குளுந்து கெடக்கு?"

சுவாமிதாஸ் திரையைத் தொட்டான்.

படம் பதிவானது. எல்லாம் நிழல்களாக இருந்தாலும், இந்த முறை கலங்கலான முகம் எதுவும் இல்லை. சுவாமிதாஸ் தலைகளை எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.

பதினொன்று.

அது வரவில்லை.

முதுகுக்குப் பின்னால் சரளைக்கல் நொறுங்கியது.

"டீ கொண்டார தூக்குவாளிய மறந்துட்டு, லயத்து வீட்டுக்குப் போயி எடுத்துட்டு இப்பத்தான் வாரேன்," என்று மூச்சிரைக்கச் சொன்னாள் பேச்சி. "அதுக்குள்ள எடுத்தாச்சா? எனக்கு ஆப்சென்டுல்லா விழும்?"

அவன் மறுபடி படத்தைப் பார்த்தான்; பேச்சியின் இடம் காலியாக இல்லை.

பனிக்குள்ளிருந்து செல்லபாய் சிரித்துக்கொண்டே கேட்டாள். "அண்ணே, கைய விடலாமா?"

"விடு," என்றான். "விட்டுட்டு இங்க ஓடி வா, செல்லபாய்."

பனிக்குள்ளிருந்து யாரும் ஓடி வரவில்லை.

"நான் எப்பமே விட்டுட்டேன், அண்ணே." இப்போது அவள் சிரிக்கவில்லை. "பேச்சிதான் விடமாட்டேங்கா."