கன்னத்தில் ஒட்டிய சர்க்கரை

கீழே அப்பாவின் பேக்கரி, மேலே வீடு. மதியம் கடைக் கதவைச் சாத்திவிட்டு மாடியேறி வந்ததும் அப்பா மகளின் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளுவார். பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்.

மகளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் மிளகு. ஆள் சிறியவள், பேச்சில் காரம் அதிகம்.

பள்ளி விடுமுறையில் மிளகுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது அண்மையில்தான் தெரிந்தது. மருத்துவமனையில் நர்ஸ் ரத்தச் சர்க்கரையை அளக்கும் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்து, சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார். அம்மா கருவியில் ரத்தத்துளி வைக்கும் பட்டையைச் செருகுவார். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலில் குத்திக்கொள்வார். எண்ணை வாசிப்பது மிளகு.

"முந்நூற்றுப் பத்து!"

அம்மா இடுப்பில் கை வைத்தார். "இன்னைக்கும் க்ரீமை வழிச்சு வாயில போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல. நாக்குல படக்கூட இல்ல."

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?"

"நான் நக்கல!" என்றார் அப்பா.

"நாளைக்குச் சாயந்திரம் டாக்டர்கிட்ட போகணும். இந்த நம்பரைப் பார்த்தா மருந்தைக் கூட்டிடுவாங்க. பேசாம கேக் வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துட்டு, நீங்க ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கோங்க."

கேக்கின் மேல் அப்பா வைக்கும் க்ரீம் ரோஜாவைப் பார்க்கவே தெருவில் போகிறவர்கள் கண்ணாடி ஓரம் நிற்பார்கள். அன்று அவர் பாதித் தட்டோடு எழுந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, போய்ப் படுத்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எண் நூற்று எழுபது.

"சாப்பிட்டா சர்க்கரை ஏறும்னுதானே நர்ஸ் அக்கா சொன்னாங்க? அப்பாவுக்கு எப்பவும் இறங்குதே!" என்றாள் மிளகு.

"உங்கப்பா எதைத்தான் நேரா செஞ்சிருக்கார்?" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. மிளகுக்கு அதுதான் உறுத்தியது. அம்மாவின் கிண்டலுக்கு முதலில் சிரிப்பவரே அவர்தான்.

மறுநாள் மதியம் அப்பா மாடியேறி வந்தார். முகம் வாடியிருந்தாலும் கன்னத்தைக் கிள்ள மறக்கவில்லை. ஏதோ ஒட்டியதுபோல் இருக்கவே, மிளகு நாக்கை நீட்டி வாயோரத்தைத் துழாவினாள்.

இனித்தது.

கண்ணாடியின் முன் ஓடினாள். கன்னத்தில் இரண்டு விரல் தடங்கள், வெள்ளை வெளேரென்று. கேக்கின் மேல் தூவும் சர்க்கரைப் பொடி!

"அப்பா, குத்தாதீங்க! கை கழுவினீங்களா?"

"ஏப்ரன்ல துடைச்சாச்சு."

"கழுவிட்டுத்தான் குத்தணும்னு நர்ஸ் அக்கா சொன்னாங்களே!"

"அது அழுக்குக் கைக்குச் சொன்னது கண்ணு. என் கையில மாவும் சர்க்கரையும்தானே? சர்க்கரை அழுக்கா என்ன?"

சொல்லிவிட்டு அவரே தம் விரல்களை உற்றுப் பார்த்தார்.

"இடது கையை மட்டும் கழுவிட்டு வாங்க," என்றாள் மிளகு. "வலது கை அப்படியே இருக்கட்டும்."

"ரெண்டு குத்தா?" அப்பா அலறினார்.

"ரெண்டே ரெண்டுதான். அழக்கூடாது."

அப்பா இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு வந்தார். அம்மா இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தார். முதலில் வலது கை.

"இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு."

உடனே இடது கை. கருவி யோசித்தது. மூன்று தலைகள் அதன் மேல் குனிந்தன.

"நூற்று நாற்பத்தொண்ணு!" மிளகு குதித்தாள். "அப்பாவோட ரத்தத்தை மட்டும் பார்க்கலம்மா. விரல்ல ஒட்டின பொடியையும் சேர்த்துப் பார்த்திருக்கோம்!"

அம்மா கருவியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொண்ணும்மா. அப்பா விரலை நக்கியிருந்தா பொடி வாய்க்குள்ள போயிருக்கும். கையில இவ்வளவு ஒட்டியிருக்குன்னா, அவர் நக்கவே இல்லன்னுதானே அர்த்தம்?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டியா? கேட்டியா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு." அம்மாவின் முகம் சிவந்திருந்தது. "நான் பேசினது தப்புதாங்க. முதல்ல வயிறு நிறைய சாப்பிடுங்க."

"அப்போ கேக் வேலை?"

"உங்களைத் தவிர யாருக்கு ரோஜா வைக்கத் தெரியும்? ஆனா நூற்று நாற்பத்தொண்ணும் கொஞ்சம் கூடுதல்தான். டாக்டர்கிட்ட போயே ஆகணும்."

மாலையில் மிளகு சொன்னதை டாக்டர் கடைசிவரை கேட்டார். அப்பாவின் மருந்தைக் கூட்டவில்லை. கழுவிய கையோடு இன்னும் ஒரு வாரம் பார்த்து வரச் சொன்னார்.

மறுநாள் மதியம் அப்பா மாடியேறி வந்தார். நேராகக் குழாயடிக்குப் போனார். கழுவித் துடைத்த கைகளை அம்மாவிடம் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினார்.

"ம்ம், பாஸ்," என்றார் அம்மா.

அதன் பிறகு அப்பா மிளகின் கன்னத்தைக் கிள்ளினார். அவள் முந்தைய நாள் போலவே நாக்கால் வாயோரத்தைத் துழாவினாள். சோப்பு! கசந்தது.

"இன்னொரு தடவை கிள்ளுங்கப்பா," என்றாள் மிளகு.