கீறல் இல்லாத ஏழாம் வரிசை

"நாளைக்குள்ள என் மேல தப்பில்லைன்னு காட்டலைன்னா, திங்கக்கிழமை வேலைக்கு வராதேன்னு முதலாளி சொல்லிட்டார், மேடம்."

சனிக்கிழமை காலையில் வந்த அந்தப் பெண் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறியாளர். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவர் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் பழுது பார்த்து ஓய்வு பெற்று, இப்போது அக்கம்பக்கத்துப் புதிர்களை அவிழ்த்து வருபவர். கொழுந்தன் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் தெரு முழுக்க அவர் அண்ணியாகிவிட்டார். துப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அந்தக் கொழுந்தன் ஆபீசுக்கு லீவு போட்டுவிடுவார். இன்று சனிக்கிழமை என்பதால் ஒரு லீவு மிச்சம்.

விஷயம் இதுதான். பெயர் பெற்ற வாசிப்பாளர் ஒருவர் ஒரு நாவலைக் குரல் புத்தகமாகப் படித்து வந்தார். திங்கட்கிழமை அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பின் குரல் திரும்புமா என்று மருத்துவருக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பதினோராம் அத்தியாயம் நன்றாகவே பதிவானது. சாப்பாட்டுக்குப் பின் படித்த கடைசி அத்தியாயத்தில் மட்டும் நாற்பது நிமிடமும் வெறும் மௌனம்.

"எவனோ அழிச்சிருக்கான் அண்ணி!" என்று கொழுந்தன் துள்ளினார்.

"அழிச்சிருந்தா ஃபைலே இருக்காதுப்பா. மெஷின் ஓடியிருக்கு, குரல்தான் போய்ச் சேரலை." அண்ணி பெண்ணிடம் திரும்பினார். "ஹெட்ஃபோன்ல கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது. ஆனா எனக்கு மைக் பெட்டியிலேருந்து நேரா வரும். ரெக்கார்டர் இரைச்சல் போடும்னு பக்கத்து ரூம்ல இருக்கு. கண்ணாடி வழியா சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். அது எரிஞ்சுது." அவர் குரல் தாழ்ந்தது. "மூணாவது பக்கத்துலேயே சாருக்குக் குரல் உடைஞ்சிடுச்சு. நிறுத்தாம படிச்சார். எப்பவும் கடைசிப் பக்கத்தைப் போடச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் எழுந்திருப்பார். அன்னிக்கு அசதியா இருக்குன்னு கிளம்பிட்டார், பாவம்."

"சாப்பாட்டு நேரத்துல யார் இருந்தாங்க?"

"நான் வெளிய போயிட்டேன். மாடி ஆபீஸ்ல முதலாளி. சார் தொண்டைக்கு ஓய்வுன்னு கீழேயே இருந்தார். அந்தக் கூடத்துக்கு முதமுதல்ல வயர் இழுத்ததே அவர்தானாம், சிரிச்சுக்கிட்டே சொல்வார்."

"முதலாளிதான் அண்ணி! இந்த வேலையைச் சொந்தக்காரங்க யாருக்காவது கொடுக்கணும்னு திட்டம்!" கொழுந்தன் அதற்குள் வழக்கை முடித்துவிட்டிருந்தார்.

மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். வாசிப்பாளர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். அண்ணி இணைப்புப் பலகையின் முன் குனிந்தார். பேட்ச் பே என்பார்கள். மேலும் கீழுமாக இரண்டிரண்டு துளைகள். மேல் துளைக்கு மைக்கின் குரல் வரும், கீழ்த் துளையிலிருந்து அது ரெக்கார்டருக்குப் போகும்.

"இதுல வயரே செருகலையே! அப்புறம் குரல் எப்படிப் போகும்?" என்றார் முதலாளி.

அண்ணி கொழுந்தனைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "தம்பி, உன் ஆளு தப்பிச்சாச்சு. உள்ளேயே இணைப்பு இருக்குங்கறதே இவருக்குத் தெரியலை. ஒவ்வொரு வரிசைக்கும் உள்ளே, முன்னாலயும் பின்னாலயும் துளை வெச்ச ஒரு சின்ன அட்டை இருக்கும். ஒரு பக்கமா வெச்சா மேலும் கீழும் தானாச் சேரும். கழட்டித் திருப்பி வெச்சா அறுந்துடும். வெளியிலேருந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது."

"பின்ன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"மைக் எந்த வரிசைம்மா?"

"ஏழு, மேடம். அதிகமாப் புழங்கறதே அதுதான்."

"துளையைப் பாருங்க. மத்ததெல்லாம் செருகிச் செருகிக் கீறல் விழுந்து கிடக்கு. அதிகமாப் புழங்கற ஏழு மட்டும் புதுசு மாதிரி மின்னுது. பின்பக்கத் துளையில யாரும் செருகி எடுக்கறதில்லை. அந்தப் பின்பக்கம்தான் இப்ப முன்னால நிக்குது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அண்ணி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதைச் செய்ய உள்ளே இருக்கிற வயர் தெரியணும். சாப்பாட்டு நேரத்துல தனியா இருக்கணும். அதோட, போட்டுக் கேட்டா ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சவர்தான் அன்னிக்குக் கேக்காமப் போவார். இல்லீங்களா?"

வாசிப்பாளர் கழுத்துத் துண்டைத் தளர்த்தினார். பேசியபோது குரல் கரகரத்தது.

"காலையிலேயே தெரிஞ்சுபோச்சும்மா, மத்தியானம் குரல் நிக்காதுன்னு. நாப்பது வருஷமா என்னைக் கேட்டவங்க கடைசியா இதையா கேக்கணும்? மெஷின் கெட்டுப்போச்சும்பாங்க, வேற யாராவது படிப்பாங்கன்னு நினைச்சேன்." அவர் பெண்ணைப் பார்த்துக் கை கூப்பினார். "உன் தலையில விழும்னு நினைக்கவே இல்லை. மன்னிச்சுடு தாயி."

"ஐயோ, கையை இறக்குங்க சார்." பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் இருந்தது, மறைக்கவில்லை. "ரெண்டு ராத்திரியா நான் தூங்கலை சார். ஆனா உடைஞ்ச குரலோட நீங்க அதைப் படிச்சதைக் கேட்டவ நான் ஒருத்திதான். பதினோரு அத்தியாயத்துலயும் நீங்க அப்படிப் படிக்கலை. அதைப் போய் அறுத்து விட்டீங்களே."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு பெண்ணிடம் வந்தார். "நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா. விசாரிக்காம பேசிட்டேன், தப்பு என்னோடது."

வாசிப்பாளர் எழுந்தார். திருப்புளியைக் கேட்டு வாங்கி, பலகையைக் கழற்றி, ஏழாம் அட்டையைத் தன் கையாலேயே திருப்பி வைத்தார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

இந்த முறை முதல் பக்கத்திலேயே குரல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. கடைசி வரி முடிந்ததும் வாசிப்பாளர் புத்தகத்தை மூடினார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"கடைசிப் பக்கத்தைப் போடும்மா" என்றார்.