ஏழாம் படுக்கை

காலிப் படுக்கைக்கு நாடித்துடிப்பு இருக்கக் கூடாது. ஏழாம் படுக்கைக்கு இருந்தது, நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு.

எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்ட ஆபீசில் ஏசியின் இரைச்சலும், யாரோ மூடாமல் விட்டுப் போன டப்பாவின் புளித்த வாசனையும், ஜன்னல் திரை தரையில் போட்ட கோடுகோடான நிழலும்தான் அவளுக்குத் துணை. மருத்துவமனைப் படுக்கைகளைக் கண்காணிக்கும் அந்த ஜாவா புரோகிராமை எழுதியதே அவள்தான். அதே ஏழாம் படுக்கையில்தான் ஐந்து வாரத்துக்கு முன்னால் அவளுடைய ஆறு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு, இறந்துபோனாள். அந்த நேரத்தில் இவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த பெட்ல சென்சாரே இல்ல. கழட்டி ஒரு மாசமாச்சு," என்று காலையில் டீம் லீட் சொல்லியிருந்தான். "ஏதோ பழைய டேட்டா சுத்திட்டிருக்கு. நீங்க பாக்க வேணாம், நானே நிறுத்திடறேன்."

"நானே பாத்துக்கறேன்பா."

அவன் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.

அந்த புரோகிராம் ஓடும் சர்வர் சாகாது. அதற்காகவே வாங்கியது. எந்த வேலையும் அதில் ஜோடியாகத்தான் ஓடும். ஒன்று உழைக்கும், இன்னொன்று பக்கத்திலேயே பேசாமல் காத்திருக்கும். உழைப்பது செத்தால், காத்திருப்பது கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து ஒன்றுமே நடக்காதது போலத் தொடரும். போன வருஷம் வரை அவள் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பதிவுகளைத் திறந்தாள். 92. 97. 110. பதினோராவது நிமிடம் பூஜ்ஜியம். உடனே காத்திருந்த மாற்று எழுந்து, மறுபடியும் 92. ஐந்து வாரமாக இதேதான்.

வாண்டுவின் கடைசிப் பதினொரு நிமிடம்.

பழைய டேட்டாதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பக்கத்துப் பத்தியைப் பார்க்கும்வரை. அது அழைப்பு மணி. படுக்கையோரப் பொத்தானை அழுத்தினால் பதிவாகும். அன்றைக்குக் குழந்தை ஒரே ஒரு தடவை, ஒன்பதாவது நிமிடத்தில் அழுத்தினாள். ஓடிவந்த நர்ஸிடம், "அம்மா எங்க?" என்று கேட்டாளாம்.

முதல் சுற்றில் அந்த ஒரு மணி இருந்தது. நூறாவது சுற்றில் எட்டாவது நிமிடத்திலேயே, மூன்று தடவை. ஆயிரமாவது சுற்றில் ஐந்தாவது நிமிடத்தில், பதினேழு தடவை.

பழைய டேட்டா பயப்படாது. வரப்போவது தெரிந்து முன்கூட்டியே மணி அடிக்காது. குழந்தை ஒவ்வொரு தடவையும் செத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

உழைப்பது, காத்திருப்பது இரண்டையும் சேர்த்து நிறுத்த ஒரு வரிக் கட்டளை போதும். அடித்தாள். எண்டர் மேல் விரல்.

திரையில் 92. இந்த நொடியில் உயிரோடு இருக்கிறாள். அழுத்தினால், இனி என்றைக்கும் இல்லை. அதுவும் பெற்றவள் கையாலேயே.

"வாண்டு," என்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன் கண்ணு."

90. 88. 84.

மணி அடிக்கவில்லை. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். ஒரு தடவைகூட இல்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அத்தனையையும் சொன்னாள், அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே. பக்கத்தில் இருப்பதுதானே குழந்தைக்கு வேண்டியிருந்தது.

பதினொன்று. பூஜ்ஜியம்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்று முணுமுணுத்தாள். அடித்து வைத்திருந்த வரியை அழித்தாள்.

மாற்று எழுந்தது.

92 இல்லை. 171.

முதல் நொடியிலேயே மணி.

"அம்மா இருக்கேன்டா. இங்கதான் இருக்கேன்."

மணி. மணி. மணி. திரை நிரம்பி, மேலே ஓடி, மறுபடி நிரம்பியது. அம்மா, நிறுத்த முடிந்தும் நிறுத்தாமல், பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள் என்று இப்போது குழந்தைக்குத் தெரியும்.