இடப்பக்கத்து மவுஸ்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் லாட்ஜ்காரர்கள் முகத்தில் தனிக் களை வந்துவிடும். பால்வண்ணநாதன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. கம்ப்யூட்டரைச் சரிபார்க்கத் தென்காசியிலிருந்து வந்திருந்த சங்கரேஸ்வரியை உட்காரச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“அப்டேட் பண்ணவான்னு கேட்டுது. சரின்னு அமுக்கிட்டேம்மா. அன்னையில இருந்து உள்ள விட மாட்டேங்கு.”

ரிசப்ஷனில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் இல்லாமல் லினக்ஸில் ஓடுவது. திரையில் உமாராணி என்று ஒரே பெயர். பாஸ்வேர்டு போட்டால் ஒரு நொடி இருண்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. உமாராணி அவருடைய மனைவி. போன சீசனில் அருவிக்குக் குளிக்கப் போனவளைத் துணி சுற்றித்தான் கொண்டுவந்தார்கள்.

சங்கரேஸ்வரிக்கு இது பழகிய கோளாறு. பழைய செட்டிங்ஸ் புது டெஸ்க்டாப்போடு முட்டிக்கொள்கிறது. பழசை அப்புறப்படுத்தினால் திறந்துவிடும். இதற்குப் போய் மனுஷன் கப்பல் கவிழ்ந்த மாதிரி நிற்கிறாரே என்றிருந்தது.

மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் கிடந்தது. அதை வலப்பக்கம் நகர்த்திவிட்டுப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தாள். நிமிர்ந்தபோது மவுஸ் இடப்பக்கம் இருந்தது.

நனைந்திருந்தது.

“அவ இடதுகைக்காரி,” என்றார் பால்வண்ணநாதன், யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பது போல.

பாஸ்வேர்டு கட்டத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. சங்கரேஸ்வரியின் கைகள் மடியில் இருந்தன. கீபோர்டில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று அதன் வயரைப் பிடுங்கினாள்.

புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன.

திரை இருண்டது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. மறுபடியும் புள்ளிகள். மசாஜ் எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாடை ஒன்று அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

“மத்தியானம் சாரல் விழுந்தா வந்து இதுல தனியா சீட்டு விளையாடுவா. ஒருத்தருக்கும் தொந்தரவு கிடையாது. இப்ப உள்ள போக முடியாம ரூம் ரூமாக் கதவத் தட்டுதா. ஆளுவ எல்லாம் காலி பண்ணிட்டுப் போறாவ. அவள உள்ள விட்ருங்கம்மா. ஆனா அவ வச்சிருக்கது எதையும் மாத்திராதிய. அவளுக்குன்னு இருக்க இடம் அது ஒண்ணுதான்.”

அதையெல்லாம் மாற்றாமல் சரிசெய்ய வேண்டுமானால் பொழுது சாய்ந்துவிடும். அந்த வாடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார அவளால் ஆகாது.

“ஒரு டீ கிடைக்குமா அண்ணாச்சி?”

அவர் படியிறங்கியதும் கீபோர்டை மாட்டினாள். எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரைக்குப் போனாள். அவள் வேலை பார்க்கும் கடையில் எதையும் அழிக்கிற வழக்கமில்லை. கொடுத்தவர்கள் பின்னால் கேட்டு வந்து நிற்பார்கள் என்று பென்டிரைவுக்கு நகர்த்தி வைத்துக்கொள்வார்கள். உமாராணியின் செட்டிங்ஸ், மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு சிரிக்கும் படம், பாதியில் விட்ட சீட்டாட்டம் எல்லாவற்றையும் அப்படியே நகர்த்தினாள்.

ரீஸ்டார்ட் ஆனதும் புள்ளிகள் விழுந்தன. திரை திறந்தது. வெறும் நீல நிறம். அம்புக்குறி மட்டும் எதையோ தேடி மூலைக்கு மூலை அலைந்தது.

பிறகு நின்றுவிட்டது.

வாடையும் இல்லை.

“சரியாயிட்டு அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு, அவர் கொண்டுவந்த டீயைத் தொடாமல் பஸ் ஏறினாள். செய்தது தப்பு என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

வீட்டில் பையைத் திறந்தாள். எல்லாம் காய்ந்தபடி இருக்க, பென்டிரைவ் வைத்த உள்பை மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அதைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

“யம்மா, அவ இங்கன இல்ல.” பால்வண்ணநாதன் அழுதுகொண்டிருந்தார். “செத்தும் எங்கூடத்தான் இருந்தா. இப்ப இல்ல. எதை எடுத்துட்டுப் போனிய?”

உள்ளறையிலிருந்து சங்கரேஸ்வரியின் கணவன் சுபாஷ் குரல் கொடுத்தான்.

“ஏட்டி, கதவத் தட்டினது நீதான? தொறந்து பாத்தா ஆளையே காணோம். லேப்டாப்பையும் நீதான் போட்டியா?”

அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பென்டிரைவ் இன்னும் அவள் உள்ளங்கையில்தான் இருந்தது.

திரையில் சீட்டுகள் விரிந்து கிடந்தன. பாதியில் விட்ட ஆட்டம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

மவுஸ் இடப்பக்கம் இருந்தது.