பதினேழாவது அழைப்பு

கிளம்பும்போது நூறு காட்டிய போன், தோட்டத்து வீட்டுக் கதவைத் திறந்ததும் பதினொன்று காட்டியது.

உமாதேவி அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். பதினொன்றுதான். அவள் புருஷன் சுருளிராஜனின் போன் அது. அவர் செத்து ஒரு மாதமும் நாலு நாளும் ஆகிறது. விசாரணை என்று போலீஸ்காரர்கள் வாங்கி வைத்திருந்ததை நேற்றுதான் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு, காலையில் முதல் வேலையாக ரீசார்ஜும் செய்து, கம்பம் டவுனிலிருந்து கைப்பைக்குள் பத்திரமாகக் கொண்டுவந்தாள். வருகிற வழியில் யார் பேசித் தீர்த்தார்கள்?

"இதுவும் அந்தாளு மாதிரியே. வேணுங்கிற நேரத்துல கால வாருறது," என்று வாய்விட்டே திட்டினாள். திட்டிய வேகத்தில் நிலைப்படியைப் பார்க்காமல் இடது கால் பெருவிரலை இடித்துக்கொண்டாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. உள்ளே கொடியில் அவருடைய காவித்துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு முழம் கிழித்து விரலில் சுற்றிக் கட்டினாள். கிழிக்கும்போது வந்த ஆத்திரத்தில் மிச்சத் துண்டைச் சுருட்டி மூலையில் எறிந்தாள்.

மணி இரண்டு நாற்பது. வெளியே திராட்சைப் பந்தலுக்கு மேல் மழை பிடித்திருந்தது. சுருளிப்பட்டிக்கு மேற்கே மலை அடிவாரத்தில் இருக்கிற அந்தத் தோட்டத்தில், பந்தல் இலை வெயில் நாளிலேயே வெளிச்சத்தைப் பாதிதான் உள்ளே விடும். மழை மேகமும் சேர்ந்துகொண்டதில் ஒற்றை அறை முழுக்க பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறத்தில் கிடந்தது, சுவரெல்லாம் மருந்து கலக்கும்போது தெறித்த மயில்துத்தத்தின் நீலத் திட்டுகள், காற்றில் கந்தகமும் அழுகின திராட்சையும் ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டின் புழுக்கமும், எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக, இருக்கக்கூடாத அளவு புதிதாக, ஆள் வியர்வை வாசனை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த வைஃபை பெட்டியில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. இரும்புக் கட்டில் அதே இடத்தில் இருந்தது. மேலே போட்ட பூப்போட்ட விரிப்பு தரை வரை தொங்கியது.

அந்த விரிப்புக்குக் கீழே அவள் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. அவரை அங்கிருந்துதான் இழுத்து எடுத்தார்கள்.

கொழுந்தன் விஜய்பாண்டி அவளை பைக்கில் கொண்டுவந்து வரப்பு முனையில் இறக்கிவிட்டு, "நாலு மணிக்கு லோடு ஆட்டோவோட வாரேன் மதினி. வேணுங்கிறத எடுத்து வைங்க. நாளைக்கு குத்தகைக்காரகளுக்குச் சாவியக் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது, உடைத்துத்தான் திறந்தார்கள், வேறென்ன வேண்டும்? "வலியில உருண்டு உள்ள போயிருப்பாக," என்றான். எண்பது கிலோ மனுஷன் உருண்டு உருண்டு சுவரோரம் வரை போய், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையில் போனையும் பிடித்துக்கொண்டு சாவானா? சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வீசுகிற ஆள் அவர். யாரையோ பார்த்துத்தான் ஒளிந்திருக்கிறார். இந்த வீட்டுக்குள் யாரோ வந்திருக்கிறார்கள். அது யார் என்று தெரிந்தால் போதும், வெறும் கையாலேயே தீர்த்துவிடுவாள். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளக்கூட உரிமை இல்லையா?

போனில் இருந்தது ஒரே ஒரு தடயம். அன்று மத்தியானம் இரண்டு நாற்பத்தொன்றிலிருந்து மூன்று இருபத்திரண்டு வரை பதினேழு அழைப்பு. பதினேழும் 'உமா'வுக்கு. ஒன்றுகூடப் போகவில்லை.

இந்த இடத்துக்கு சிக்னல் கிடையாது. வண்டி மலைப்பக்கம் திரும்பினதுமே கோடெல்லாம் போய்விடும். கிரிக்கெட் பார்க்கவேண்டும் என்று கரண்டு கம்பத்து வழியாக ஒயர் இழுத்து வைஃபை வைத்துக்கொண்ட மனுஷன், அந்த வைஃபையிலேயே சாதாரண நம்பருக்குப் பேசலாம் என்கிற ஒரு பொத்தானை மட்டும் தட்டவில்லை. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டும் பிரயோஜனம் இருந்திருக்காது; வேலை நேரத்தில் நெட்டை அணைத்து வைக்கவேண்டும் என்பது அவள் ஆபீஸ் சட்டம், அது அவருக்கும் தெரியும். அவளுக்கு என்ன ஆபீஸ்? போன் கம்பெனி கவுண்டர். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அந்தப் பொத்தானைக் காட்டிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அவள் போனில் அது எப்போதோ போட்டது; இங்கே வந்தால் தானாக வைஃபையைப் பிடித்துக்கொள்ளும்.

அவர் கேட்காமலும் இல்லை. சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே போனை நீட்டினார். "உமா, அந்த வைஃபை காலிங்க கொஞ்சம் போட்டு விடேன்."

"ஆபீஸ்லயும் இதே எழவு, வீட்லயும் இதே எழவா? நீங்களே போடுங்க. கை இல்லையா?"

அவர் சிரித்துக்கொண்டே போனை மடியில் வைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாம். ஒருநாளும் திட்டமாட்டார்.

கட்டிலில் உட்கார்ந்தாள். கம்பி கிறீச்சென்றது. அடியில் ஏதோ பரபரவென்று நகர்ந்து சுவரோரம் போனது. பெருச்சாளி. "சீ! சனியனே!" என்று குதிகாலால் கட்டில் காலை ஓங்கி உதைத்தாள். சத்தம் நின்றது.

"இந்தா பாருங்க," என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். குரல் தானாக உயர்ந்தது. "செட்டிங்ஸ். சிம். வைஃபை காலிங். இந்தா, ஒரு தட்டு. பச்சையாயிருச்சு. இம்புட்டுத்தான். எண்ணி அஞ்சு விநாடி. இதுக்குப் போயி செத்தாகளாம், செத்து!"

போனின் மேல்மூலையில் வைஃபை அழைப்புக்கான சின்ன அடையாளம் வந்து உட்கார்ந்தது. அவள் அழவில்லை. அழுகையையும் கோபமாக்கிக்கொண்டாள். அவர் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூலையில் கிடந்த பாத்திரங்களை எடுக்கலாம் என்று எழுந்தாள்.

அவள் போன் அடித்தது.

திரையில் 'வீட்டுக்காரர்' என்று இருந்தது. கட்டிலில் கிடந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். திரை இருட்டாகத்தான் இருந்தது. ஏதோ பட்டனில் கை பட்டிருக்கும், இப்போதுதானே செட்டிங் மாறியிருக்கிறது, சிஸ்டம் குழம்பியிருக்கும்; கவுண்டரில் இதுபோல் எத்தனை கேட்டிருக்கிறாள். கட் செய்தாள். உடனே மறுபடி. கட் செய்தாள். மறுபடி. எரிச்சலில் அவர் போனை அடியோடு அணைத்தாள். அணைந்துவிட்டது என்று திரையை நகத்தால் தட்டியும் பார்த்துக்கொண்டாள். செத்த போன்.

அவள் போன் அடித்தது.

'வீட்டுக்காரர்.'

மழை தகரக் கூரையில் வலுத்தது. அவள் எடுக்கவில்லை. அது தானாக நின்றது, மூச்சு வாங்குகிற நேரம் சும்மா இருந்தது, திரும்ப அடித்தது. வரப்புக்கு ஓடிவிடலாம் என்று கதவைப் பார்த்தாள். கால் போகவில்லை. பயத்தால் மட்டும் இல்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்று ஒரு மாதமாகச் சாப்பிடாமல் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அடிக்க அடிக்க எண்ணினாள். எட்டு. ஒன்பது. இடையில் ஒருமுறை ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. அந்த ஐந்து நிமிஷமும் கொழுந்தனையும் டாக்டரையும் போலீஸையும், எவனோ ஒருத்தனையும், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பன்னிரண்டு. பதினைந்து. கால் வலி தாங்காமல் திரும்பக் கட்டிலில் உட்கார்ந்தாள். பதினாறு.

மணி மூன்று இருபத்திரண்டு.

பதினேழு. எடுத்தாள்.

முதலில் மழை. தகரத்தில் விழுகிற மழை. அப்புறம் மூச்சு. வாயைப் பொத்திக்கொண்டு விடுகிற மூச்சு.

"உமா? எடுத்துட்டியா?"

அவர் குரல். அவரேதான்.

"ஏங்க," என்றாள். "ஏங்க, எங்க இருக்கீக?"

"மெதுவாப் பேசு. மெதுவா. வீட்டுக்குள்ள யாரோ வந்திருக்காக."

ஒரு மாதக் கோபம் மொத்தமும் அவளுக்குள் எழுந்து நின்றது. யாரோ வந்துதான் இருக்கிறார்கள். அவள் நினைத்தது சரி. "எவன்? எவன் அவன்? சொல்லுங்க, பேரச் சொல்லுங்க!"

"கத்தாத உமா." அழுகிற குரல். அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. "பொம்பள. நான் தாழ்ப்பாப் போட்டுத்தான் வெச்சிருந்தேன். போட்டபடியே இருக்கு. ஆனா உள்ள வந்துருச்சு."

"யாரு? மூஞ்சியப் பாத்தீகளா?"

"இல்ல. வாரப்பவே வெளிச்சம் செத்துப்போச்சு. எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு. கட்டிலுக்கு அடியில பூந்துட்டேன். இங்கனருந்து காலு மட்டும்தான் தெரியுது."

உமாதேவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வந்ததுலருந்து திட்டிக்கிட்டே இருக்கு உமா. யாரையோ. அம்புட்டு ஆங்காரம். கட்டில எட்டி உதைச்சது. என் உசுரே போச்சு. நடக்குது, திட்டுது, திரும்ப வந்து உக்காருது. இப்ப எனக்கு நேர் மேல இருக்கு."

கட்டில் கம்பி அவளுக்கு அடியில் மெல்லக் கிறீச்சிட்டது. அவள் அசையவில்லை. அடியிலிருந்து ஏதோ இடித்தது.

"கால்ல..." என்றாள். "கால்ல என்ன தெரியுது?"

"ஈரம். சேறு. மெட்டி இல்ல." அவர் மூச்சு இழுத்தது. "எடது பெருவெரல்ல துணி. காவித் துணி. ரத்தம் ஊறிக்கிடக்கு."

அவள் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டியதில்லை. விரல் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. மூச்சுகூட விடக்கூடாது. எழுந்து, சத்தமில்லாமல், கதவைத் தாண்டிப் போய்விட்டால் போதும்; அந்தப் பொம்பளை போய்விட்டாள் என்று அவர் வெளியே வருவார், முகம் கழுவுவார், சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அவ்வளவுதான் செய்யவேண்டும். வாயை மூடிக்கொண்டு போகவேண்டும். வாழ்நாளில் ஒருமுறை வாயை மூடவேண்டும்.

ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நான்தாங்க," என்றாள். "பயப்படாதீக. அது நான்தான்."

மறுமுனையில் எல்லாம் நின்றது.

"உமா." குரல் இல்லை. காற்று. "அது உன் குரல்ல பேசுது."

"இல்லங்க, நான்..."

"மேலருந்து. உன் குரல்ல."

"ஏங்க..."

"வச்சிராத உமா. லைன்ல இரு. அது..." கட்டிலுக்கு அடியில் தரையைக் கீறுகிற சத்தம். போனிலும் அதே சத்தம். "அது எந்திரிக்குது."

அவள் எழுந்திருந்தாள். எப்போது என்று தெரியவில்லை.

"குனியுது."

இல்லை. நான் குனியமாட்டேன். கதவுக்குப் போகிறேன். இதோ.

"துணியப் புடிக்குது."

விரிப்பின் ஓரம் அவள் விரல்களுக்குள் இருந்தது. பூப்போட்ட விரிப்பு. விடு. விட்டுவிடு. கை கேட்கவில்லை.

தூக்கினாள்.

சுவரோரம். முழங்காலைக் கட்டிக்கொண்டு. தாடைக்குக் கீழே போன் வெளிச்சம். பதினெட்டு வருஷமாக அவளைப் பார்த்த கண்கள் அவள் முகத்தை நேராகப் பார்த்தன. ஆனால் அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சுவருக்குள்ளேயே போய்விடப் பார்ப்பவரைப்போல அவர் பின்னால் பின்னால் நகர்ந்தார்.

"ஏங்க," என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் வாய் திறந்தது. அலறல் முதலில் அவள் காதோரம் இருந்த போனில்தான் கேட்டது.