ஐந்துக்குக் கீழே ஒருத்தி

பிணம் தும்மியது!

அதைப் பார்த்து அலறிக்கொண்டிருந்த புள்ளி, அலறலைப் பாதியில் விழுங்கினாள்.

சர்வர் அறைத் தரையில் குப்புறக் கிடந்த காவலாளி இன்னொரு தும்மல் போட்டார். மெதுவாகத் தலையைத் தூக்கினார். பின்மண்டையில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

"அண்ணே... உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஏம்மா, அதுல உனக்கு ஏதாவது சந்தேகமா?"

"இப்ப இல்ல. யாரு அடிச்சது?"

"பின்னாடி வந்து அடிச்சான்மா. முன்னாடி வந்திருந்தா பேரைக் கேட்டு வச்சிருப்பேன்!"

புள்ளி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, ஃபோனை எடுத்தாள்.

புள்ளிவிவரக்காரி. அதனால் அந்த ஆராய்ச்சி மையத்தில் எல்லோருக்கும் அவள் புள்ளி. வேலை, முடிச்சுப் போடுவது. நகரத்தின் எந்தப் பகுதி எவ்வளவு வறுமையில் இருக்கிறது என்ற மதிப்பெண் ஒரு பக்கம். அந்தந்தப் பகுதி ஜனங்கள் பக்கத்து கிளினிக்குகளில் காட்டிக்கொண்ட வைத்திய விவரம் மறுபக்கம். இரண்டையும் இணைத்துவிட்டு, பெயரையும் முகவரியையும் சுவடில்லாமல் அழித்துவிடுவார்கள்.

ஈரம் கசியும் சுவர்களுக்கு நடுவில் வளரும் பிள்ளைகள்தான் மூச்சிரைத்துக்கொண்டு கிளினிக் வாசலில் நிற்கிறார்கள் என்று அவள் காட்டினாள். போன வருஷம் அங்கே ஒரு புது கிளினிக் வந்தது. திறப்பு விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாள்.

அப்பேர்ப்பட்ட தகவல் இருக்கும் அறையில்தான் இந்த அடிதடி!

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து குதித்தார். புள்ளியின் அக்கா புருஷன். பெரிய தொந்தி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல்.

"என்ன புள்ளி... என்ன திருடு போச்சு?"

"ஒண்ணும் போகலை அத்தான்."

"ஒண்ணும் போகாததுக்கா ஒரு ஆளை அடிச்சுப் போட்டான்?"

"அவன் திருட வரலை. கேள்வி கேட்க வந்திருக்கான். திரையைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

*உடலில் செம்பு தேங்கும் நோய். பெண். எந்தப் பகுதி?*

கீழே சிவப்பில் பதில்.

*ஐந்து பேருக்குக் கீழ். காட்ட இயலாது.*

"இது என்ன கூத்து?"

"அபூர்வமான நோய் அத்தான். முந்திரி, சாக்லேட் மாதிரி சாப்பாட்டுல இருக்கற செம்பு வெளியேறாம ஈரல்ல தங்கிடும். ஆயுசு பூரா மாத்திரை. ஒரு சின்னப் பகுதியில அந்த நோய் ஒரே ஒருத்திக்கு இருந்தா, பேரை அழிச்சு என்ன பிரயோஜனம்? பகுதியைச் சொன்னாலே ஆளைச் சொன்ன மாதிரிதான். அதான் ஐந்துக்குக் கீழ போனா கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது."

"சரி, உள்ள எப்படி நுழைஞ்சான்? பாஸ்வேர்டு வேணுமே?"

"எங்க தலைவர் அவரோட பாஸ்வேர்டை மஞ்சத் தாள்ல எழுதி, அதோ... அங்க ஒட்டி வச்சிருக்கார்."

"பேஷ்! வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுப் போற ஜாதி!"

சட்டென்று இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"செம்பு நோய்னா சொன்ன?"

"ஆமா... ஏன்?"

"ஒரு கான்ட்ராக்டர் தன் கூட்டாளியையே கொன்னுட்டு உள்ள இருக்கானே... அதைக் கண்ணால பாத்த ஒரே சாட்சி, அவன் ஆபீஸ்ல வேலை பாத்த பொண்ணு. அவளுக்கு இந்த நோய்தான். எங்க ஆளுங்க அவளை எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்க. எங்கன்னு எனக்கே தெரியாது. அடுத்த வாரம் கோர்ட்டுல சாட்சி!"

புள்ளி திரையை மறுபடி பார்த்தாள்.

"அப்ப அவ வாயைத் திறக்கறதுக்குள்ள..."

"முடிச்சிடப் பாக்கறாங்க. புள்ளி, நீ அவ எந்தப் பகுதின்னு பாத்துச் சொல்லு. நான் காவல் போடறேன்."

"மாட்டேன்."

"என்னது?"

"மூலத் தகவலைத் திறந்தா எனக்குத் தெரியும். ஆனா பாக்க மாட்டேன் அத்தான். ஜனங்க டாக்டரை நம்பி உடம்பைக் காட்டறாங்க. டாக்டருங்க எங்களை நம்பித் தகவலைத் தர்றாங்க. நல்லதுக்குன்னு ஒரு தடவை பாத்துட்டா, அடுத்த தடவை எதுக்குப் பாப்போம்னு யாருக்குத் தெரியும்?"

"ஒரு உயிரு போற நேரத்துல பிரசங்கமா?"

அவள் பதில் சொல்லுமுன், மேஜை ஃபோன் அலறியது!

எடுத்தாள்.

"வணக்கம் மேடம்." தேன் தடவிய குரல். "காலைல உங்க ஆபீஸ்ல ஏதோ அசம்பாவிதமாமே? காவலாளி பாவம்..."

புள்ளி ரிசீவரைப் பொத்தினாள். "கோட்டுக்காரன்!" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஏதோ தொண்டு நிறுவனத்தின் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, வெயிலிலும் கோட்டோடு வருகிறவன். இதே நோய்க்குப் பகுதிவாரிக் கணக்கு வேண்டுமென்று இரண்டு முறை விண்ணப்பித்தான். இரண்டு முறையும் அவள்தான் நிராகரித்தாள். காவலாளி அடிபட்டது இந்த அறையைத் தாண்டி யாருக்கும் தெரியாது. இவனுக்கு எப்படித் தெரியும்?

"ஆமா சார்... ரொம்பப் பயந்துட்டேன்," என்றாள் நடுங்கும் குரலில். நடுக்கத்தில் பாதிதான் நடிப்பு.

"பயம் எதுக்கு மேடம்? ஒரே ஒரு பகுதியோட பேரு. சொல்லிட்டா உங்களுக்கும் நிம்மதி, உங்க குடும்பத்துக்கும் நிம்மதி."

"நான்... நான் பாத்துட்டு மத்தியானம் சொல்றேன் சார்."

வைத்தாள்.

"அத்தான், இவனை இப்பவே பிடிக்க முடியுமா?"

"எதை வச்சு? நலம் விசாரிச்சான்னா?"

"அப்ப வரவழைப்போம். நான் ஒரு பொய்யான பகுதியைச் சொல்றேன். நீங்க அங்க காத்திருங்க."

இன்ஸ்பெக்டரின் மீசை சந்தோஷத்தில் துடித்தது. "சபாஷ்! எந்தப் பகுதி?"

"உங்க தெருவையே சொல்லிடவா? சந்து பொந்து எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. வசதியான ஏரியா, சின்னது. அந்த நோய்க்காரி அங்க இருக்க வாய்ப்பே கம்மி."

"ரொம்பச் சௌகரியம்! எதிர் வீடு காலிதான். அதுல ஒரு பெண் போலீஸை நோயாளி மாதிரி உட்கார வச்சிடறேன். ஒண்ணு மட்டும்... உங்கக்காகிட்ட மூச்சு விட்டுடாதே. பயந்து ஊரைக் கூட்டிடுவா!"

மத்தியானமே கோட்டுக்காரனுக்கு அந்தத் தெருவின் பெயர் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை.

இன்ஸ்பெக்டர் வீட்டு ஹாலில் அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அதிசயமாக லீவு போட்டுவிட்டு சோபாவில் கிடந்தார். ஜன்னல் திரைக்குப் பின்னால் புள்ளி.

"ஏன்டி, திரைக்குள்ள என்ன பண்றே?"

"வெயில் கண்ணைக் கூசுது அக்கா."

"அப்ப ஜன்னல் பக்கம் ஏன்டி போய் நிக்கறே!"

காலிங் பெல்!

எதிர் வீட்டில் மாட்ட வேண்டியவன், வீடு வீடாக விசாரித்தபடி முதலில் இந்த வீட்டு வாசலில் நின்றான். இன்று கோட்டு வெள்ளை. கையில் ஃபைல்.

"வணக்கம்மா. சுகாதார சர்வே. இந்த வீட்ல முந்திரி, காளான், சாக்லேட் இதையெல்லாம் ஒதுக்கற பொம்பளைங்க யாராவது உண்டா?"

"எங்க வீட்ல எதையும் ஒதுக்கற பழக்கமே இல்லீங்க," என்றாள் அக்கா. "அதோ சோபாவைப் பாத்தாலே தெரியலையா?"

சோபா முறைத்தது.

அப்போதுதான் மாடிப்படியில் காலடிச் சத்தம்.

"அக்கா, மோட்டார் போடட்டுமா? மேல தண்ணி வரலை..."

மாடிக்குக் குடிவந்திருக்கும் டியூஷன் டீச்சர். கடைசிப் படியில் அப்படியே உறைந்தாள்.

வெள்ளைக் கோட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். தேன் எல்லாம் வழிந்து போயிருந்தது.

"இங்கதான் இருக்கியா... கண்ணு!"

ஃபைலுக்குள்ளிருந்து கத்தி பளிச்சென்று வெளியே வந்தது!

"டேய்!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார். இஸ்திரிப் பெட்டியின் ஒயர் காலில் மாட்ட, தொபுக்கடீர்!

கோட்டுக்காரன் படியை நோக்கித் தாவினான்.

புள்ளி திரையைக் கிழித்துக்கொண்டு ஓடி, அவன் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கினாள். அவன் உதறினான். கத்தி உயர்ந்தது...

ஸ்ஸ்ஸ்ஸ்!

அக்கா அவன் மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்து, பொறுமையாக ஒரு இழு இழுத்தாள்.

அவன் போட்ட கூச்சலில் எதிர் வீட்டுப் பெண் போலீஸ் கேட்டைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தாள். விலங்கு மாட்டும் சத்தம் கேட்டபின்தான் இன்ஸ்பெக்டர் தரையிலிருந்து எழுந்தார்.

புள்ளி எழவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல பாக்காமலே, பொய்னு நெனச்சு இந்தத் தெருவைச் சொன்னேன்... அது நிஜமா போச்சே! நானே உங்களைக் காட்டிக் கொடுத்துட்டேனே..."

டீச்சர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாத்துட்டா சொன்னீங்க? பாக்காமதானே சொன்னீங்க. போன வாரம் மாத்திரை வாங்கப் போகவே பயந்தேங்க. என் பேரு எங்க போய் விழுமோன்னு. இனிமே பயமில்லாம போவேன்."

இன்ஸ்பெக்டருக்கு இப்போதுதான் உறைத்தது.

"இருங்க... நீங்கதான் அந்த சாட்சியா? என் வீட்டு மாடியிலயா?"

"மழைக்காலத்துலயே வந்தாச்சு," என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியை அணைத்தபடி. "உங்க கமிஷனரே நேர்ல வந்து எங்கிட்டப் பேசினார். போலீஸ் வீட்டு மாடியை விடப் பத்திரமான இடம் ஏதும்மான்னார்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"சொல்லலாமான்னு கேட்டேனே! அதுக்கு அவர், 'தாராளமா யார்கிட்ட வேணா சொல்லுங்கம்மா... உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் வேண்டாம்'னுட்டார்."

மாடிப்படியில் சிரிப்பு வெடித்தது. விலங்கு மாட்டிய கோட்டுக்காரன்கூட வலியை மறந்து இளித்தான்.

புள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அக்காவின் தோளில் கை போட்டாள்.

"விடுங்க அத்தான்... நாளைக்கே எங்க சர்வரைத் தூக்கிட்டு அக்காவை உட்கார வச்சிடறேன். பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் ஒரு பய ஒரு தகவல் வாங்க முடியாது!"